பொன்னாடைக்குள் ஒரு கருத்து

காவிரியில் தண்ணீர் வராத ஆண்டுகள் உண்டு. வானம் ஏமாற்றிய ஐப்பசிகள் உண்டு. ஆனால் நடிகர்களிடமிருந்து கருத்து வராத நாள் என்று ஒன்று இந்தத் தமிழ்நாட்டில் இதுவரை விடிந்ததில்லை. ஏரி குளங்கள் நிரம்பாமல் போகலாம். செய்தித் தொலைக்காட்சிகள் நிரம்பி வழிவதற்கு இவர்கள்தான் காரணம். அந்த வற்றாத ஊற்றுகளில் தலையாயது பெரம்பலூர் மாவட்டம் பூலாம்பாடியில் தோன்றியது. அது அந்த மண் செய்த புண்ணியம் என்று அந்த ஊற்றே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறது.

பூலாம்பாடியில் பழனிவேலாகப் பிறந்து, சென்னைக்குப் போய் அறிவரசனாக மாறியவர், இன்று ‘கருத்துத் திலகம்’ என்று அழைக்கப்படுகிறார். அவர் நடித்த படங்களைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது. கடைசி இரண்டு படங்கள் வெளியான சேதி அவருடைய சொந்த அக்காவுக்கே எட்டவில்லை. அதனால் என்ன? படம் ஓடாத இடத்தில் கருத்து ஓடியது. அமேசான் காடு எரிந்தபோது கேமரா முன்னால் கண்ணீர் விட்டார். துருவத்தில் பனி உருகியபோது கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டார். அமெரிக்காவில் யார் ஜெயித்தாலும் மக்கள் தீர்ப்பை மதிப்பதாக அறிவித்து, அந்த நாட்டு மக்களின் வயிற்றில் பாலை வார்த்தார்.

உள்நாட்டு அரசியலிலும் அவர் சளைத்தவர் அல்ல. “நாட்டுல நிறைய பிரச்சனை இருக்கு. தீந்தா நல்லா இருக்கும்” என்று ஒருமுறை விமான நிலைய வாசலில் முழங்கினார். எங்கள் சாதனையைப் பாராட்டுகிறார் என்றது ஆளுங்கட்சி. ஆட்சியின் முகத்திரையைக் கிழித்துவிட்டார் என்றது எதிர்க்கட்சி. அறிவரசன் அரசியலுக்கு வருவாரா என்று நான்கு பேர் தொலைக்காட்சியில் அடித்துக்கொண்டார்கள். அறிவரசனும் அதை வீட்டிலிருந்து முழுவதும் பார்த்தார். தான் வருவோமா மாட்டோமா என்று தெரிந்துகொள்ள அவருக்கும் ஆவலாகத்தான் இருந்தது.

இப்படிப்பட்டவருக்குச் சொந்த மண் விருது கொடுக்காவிட்டால் மண்ணுக்குத்தான் கேவலம். பெரம்பலூரில் ‘கல்மரம் டிவி’ என்றொரு உள்ளூர்ச் சேனல் நடத்தும் குருமூர்த்தி அந்தக் கேவலத்தைத் துடைக்க முன்வந்தார். சாத்தனூரில் ஒரு கல்மரம் கிடக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் மரமாக இருந்தது. போகப் போகக் கல்லாகிவிட்டது. மக்களுக்காகக் கசியும் இதயங்களுக்குக் குருமூர்த்தி தேர்ந்தெடுத்த சின்னம் அதுதான். ‘கல்மர விருதுகள்’ விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் என்று முடிவானது. செலவை ‘வஜ்ரகிரி சிமெண்ட்’ ஆலை ஏற்றுக்கொண்டது. விருதையும் அந்த ஆலையே தன் சிமெண்டில் வார்த்துக் கொடுத்தது. ஒவ்வொன்றையும் மேடைக்கு ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது.

விழாவன்று காலை அறிவரசன் விக்கிரமங்கலத்துக்குப் போனார். அக்கா உண்ணாமலை வாழ்க்கைப்பட்ட ஊர் அது. பக்கத்து ஊருக்கு விருது வாங்க வந்த தம்பி அக்கா வீட்டில் கை நனைக்காமல் போனால் ஊர் சிரிக்கும். தரையில் உட்கார்ந்து இலையில் சாப்பிடும் அவருடைய ‘எளிமை’யைப் படமெடுக்க ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு போனார்.

சோறு போட்டவள் அக்கா மகள் முத்தமிழ். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். வலது கையில் கரண்டி இருந்தது. இடது கை மாவுக்கட்டில் இருந்தது.

“கையில என்னடி கட்டு?”

“லாரி மாமா.”

“லாரியா?”

“சைக்கிள்ல பள்ளிக்கூடம் போயிட்டு இருந்தேன். பின்னாடி வந்து ஒரு தட்டு தட்டிட்டுப் போயிடுச்சு. நல்லவேளை, வாய்க்காப் பக்கம் விழுந்தேன். ரோட்டுப் பக்கம் விழுந்துருந்தா நீங்க இன்னிக்கு வேற விசேஷத்துக்கு வந்துருப்பீங்க.”

படமெடுக்க வந்தவர் கேமராவைக் கீழே இறக்கிக்கொண்டார். உண்ணாமலை தம்பிக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“வஜ்ரகிரிக்குச் சுண்ணாம்புக்கல்லு ஏத்துற லாரிங்க தம்பி. புள்ளைங்க போற அதே ரோட்டுல, போற அதே நேரத்துலதான் வரிசை கட்டுது. போகாத ஆபீஸ் இல்ல. எல்லாரும் நல்லாத்தான் பேசுறாங்க, லாரிதான் நிக்க மாட்டேங்குது. ரோட்டுல உக்காந்தும் பாத்துட்டோம். போலீஸ் வேன்ல ஏத்திட்டுப் போயி ஒரு மண்டபத்துல வெச்சு, தக்காளி சோறு போட்டு, சாயங்காலம் வூட்டுக்குப் போங்கன்னுட்டாங்க.”

“நான் என்னக்கா செய்யணும்?”

“மேடையில ஒரு வார்த்தை சொல்லு பழனி. புள்ளைங்க பள்ளிக்கூடம் போற நேரமும் வர்ற நேரமும் லாரி ஓடக் கூடாது. அவ்வளவுதான். நீ சொன்னா டிவில வரும். டிவில வந்தா மறுநாளே ஆளுங்க வந்து ரோட்டப் பாப்பாங்க.”

அறிவரசன் ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். “அது வந்துக்கா… விழாச் செலவே அவங்களுதுதான்.”

“தெரியுமே. அதனாலதான் அங்க சொல்லுன்றேன். அவங்க காதுல விழ வேணாமா?”

முத்தமிழ் மோரை ஊற்றினாள். “அமேசான் காடு எரிஞ்சப்ப அப்படி அழுதீங்களே மாமா, அங்க நமக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?”

“சும்மா இருடி” என்று உண்ணாமலை அதட்டினாள். அதட்டிவிட்டு, பதிலுக்காக அவளும் தம்பியின் முகத்தைத்தான் பார்த்தாள்.

அறிவரசன் அந்த மாவுக்கட்டைப் பார்த்தார். கூடப் படிக்கும் பெண்கள் அதன்மேல் பேனாவால் பூவும் பட்டாம்பூச்சியும் வரைந்திருந்தார்கள். இந்தப் பிள்ளையைத் தன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினார்கள். அன்றைக்கு அவள் அழுத அழுகையில் அவருக்கும் அழுகை வந்துவிட்டது, அப்போது கேமரா எதுவும் இல்லை.

“சொல்றேன்க்கா. சத்தியமா சொல்றேன்.”

இதை அவர் நடித்துச் சொல்லவில்லை என்பது பொதுமக்களின் கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவரப்படுகிறது.

அரியலூர் போகும் வழியெல்லாம் காரில் அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்தார். இதுவரை அவர் கருத்துச் சொன்னதெல்லாம் கண்ணால் காணாத காட்டையும் காலால் மிதிக்காத பனியையும் பற்றித்தான். அவற்றுக்கு ஒத்திகை தேவைப்பட்டதில்லை. இந்த ஒரு வரிக்குத் தேவைப்பட்டது. வரியிலும் சாரமில்லை. எரிமலை இல்லை, சுனாமி இல்லை, கைதட்டல் விழுவதற்கு ஓர் இடம்கூட இல்லை. பஞ்சாயத்து அறிவிப்புப் பலகை மாதிரி இருந்தது. ஆனாலும் எதிரில் ஒரு கல் லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடந்தபோது, அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு உரக்கவே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். டிரைவர் “சரிங்க சார்” என்றார்.

மண்டபத்தில் மணமகன் அறைதான் பிரமுகர் அறை. அங்கே வந்த குருமூர்த்தியிடம் அறிவரசன் விஷயத்தைச் சொன்னார். சொல்லிவிட்டால் பிறகு பின்வாங்க முடியாது என்பது அவர் கணக்கு.

“குருமூர்த்தி, இன்னிக்கு நான் லாரியப் பத்திப் பேசப் போறேன்.”

குருமூர்த்தி அதிர்ச்சி அடையவில்லை. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“பேசுங்கண்ணே! தாராளமாப் பேசுங்க. கருத்துச் சொல்றதுக்குத்தானே விருதே குடுக்கிறோம்!”

சொல்லிவிட்டு, செல்போனோடு சமையல்கட்டுப் பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் வஜ்ரகிரி ஆலையின் மக்கள் தொடர்பு அதிகாரி சுதர்சன் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத சிரிப்பு.

“சார், கருத்துச் சுதந்திரம்னா எங்க எம்.டி.க்கு உசுரு. நீங்க எதப் பத்தி வேணாலும் பேசலாம். நாங்க தடுக்கவே மாட்டோம், இது எங்க கொள்கை. அப்புறம்… எங்க புது சிமெண்டுக்கு ஒரு முகம் தேடிட்டு இருக்கோம். உறுதியான முகமா இருக்கணும். மாநிலம் பூரா விளம்பரம். சும்மா ஞாபகம் வந்துச்சு, சொன்னேன். காபி சாப்பிடுங்க.”

அறிவரசன் காபியைச் சாப்பிட்டார். எதிரே நிலைக்கண்ணாடி இருந்தது. அதில் உறுதியான முகம் ஒன்றைச் செய்து பார்த்தார். பிறகு அக்காவின் நினைப்பு வர, சட்டென்று கலைத்துக்கொண்டார்.

விழா மங்கலமாகத் தொடங்கியது. முதலில் அந்த ஆண்டு மறைந்த கலைஞர்களுக்கு மௌன அஞ்சலி. குருமூர்த்தி பெயர்களை உருக்கமாகப் படித்தார். “…நாடக மேதை அரியமுத்து ஆகியோரின் ஆன்மா சாந்தியடைய” என்று முடித்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். முன்வரிசையில் அரியமுத்துவும் எழுந்து, தலை குனிந்து, கண்ணை மூடி நின்றார். காது கொஞ்சம் மந்தம். உட்கார்ந்த பிறகு பக்கத்திலிருந்தவரிடம், “யாருப்பா தவறுனது? சின்ன வயசா?” என்று விசாரித்தார். விருதுக்கு எழுதிய அட்டை அஞ்சலி அட்டைகளோடு கலந்துவிட்டது குருமூர்த்திக்குத் தெரிந்தது. அவர் கலங்காமல், ‘வாழ்நாள் சாதனையாளர்’ விருதை உடனே அரியமுத்துவுக்கு அறிவித்தார். இறந்த பிறகும் நேரில் வந்து விருது பெற்ற கலைஞர் என்ற பெருமை அரியலூருக்கே உரியது. அந்த சிமெண்ட் மரத்தைக் கையில் கொடுத்தபோது அஞ்சலி வீண்போகாது என்றே பலரும் பயந்தார்கள்.

அடுத்தது ‘அஞ்சாநெஞ்சர்’ விருது. அறிவரசன் மேடையேறினார். விசில் பறந்தது. மூன்றாவது வரிசையில் உண்ணாமலை பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் முத்தமிழ். அறிவரசன் மைக்கைப் பிடித்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு நான் ரொம்ப முக்கியமான ஒரு கருத்தச் சொல்லப் போறேன். எங்க அக்கா ஊரு விக்கிரமங்கலத்துல…”

“ஒரு நிமிஷம்ண்ணே!” என்றார் குருமூர்த்தி. “அண்ணனுக்கு அரியலூர் ரசிகர் மன்றத்தின் சார்பில் பொன்னாடை!”

இங்கே பொன்னாடையின் மாண்பைக் கொஞ்சம் எடுத்துரைத்தாக வேண்டும். நம் மேடையில் பேசிக்கொண்டிருப்பவரைக் கையைப் பிடித்து இழுத்தால் அது அவமரியாதை. மைக்கை அணைத்தால் அது சதி. பொன்னாடை போர்த்தினால் அது கௌரவம். மூன்றிலும் பேச்சு நிற்கும். ஆனால் மூன்றாவதில், பேச்சை இழந்தவரே கும்பிட்டு நன்றி சொல்லுவார். போர்த்துகிறவரும் போர்த்தப்படுகிறவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கேமராவைப் பார்க்க வேண்டும், படம் சரியாக விழுந்ததா என்று கேமராக்காரர் தலையாட்டும்வரை அசையக் கூடாது. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் இந்தக் கலையில் கரைகண்டவர் குருமூர்த்தி.

அறிவரசனுக்கு இன்னொரு பலவீனம். கேமரா உயர்ந்தால் அவர் வாய் தானாக மூடிச் சிரிப்பாகிவிடும். தொழில் பழக்கம்.

படம் முடிந்தது. அவர் மறுபடியும் ஆரம்பித்தார். “எங்க அக்கா ஊருல புள்ளைங்க பள்ளிக்கூடம் போற…”

“பந்தல் அமைப்பாளர்கள் சங்கத்தின் சார்பில்!”

பொன்னாடை. கும்பிடு. சிரிப்பு. படம்.

“புள்ளைங்க பள்ளிக்கூடம் போற நேரத்துல…”

“பூலாம்பாடி இளைஞர்கள் சார்பில்!”

“நேரத்துல, இந்த லாரி…”

லாரி என்ற சொல் காதில் விழுந்ததும் மண்டபமே ஆர்ப்பரித்தது. லாரி உரிமையாளர்கள் ஒரு பக்கம் கைதட்டினார்கள். ஓட்டுநர்கள் ஒரு பக்கம் விசிலடித்தார்கள். லாரியால் அவதிப்படுகிறவர்கள் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்கள். இன்னும் எந்தக் கருத்தும் சொல்லப்படவில்லை என்பது யாருக்கும் ஒரு குறையாகப் படவில்லை. கைதட்டல் ஓயும்வரை அறிவரசன் காத்திருந்தார். அதுவும் தொழில் பழக்கம்தான்.

பொன்னாடை வரிசை படிக்கட்டைத் தாண்டி வாசல்வரை நின்றது. இத்தனை சங்கங்கள் நம் மாவட்டத்தில் இருக்கின்றனவா என்று அறிவரசன் வியந்தார். டீக்கறை பட்ட ஒரு ஊதா நிறப் பொன்னாடை இரண்டாம் முறை தோளில் விழுந்தபோதுதான் சூட்சுமம் புரிந்தது. பின்பக்கம் ஒருவர் உருவி மடித்துக் கீழே அனுப்ப, அது வேறொரு சங்கத்தின் பெயரில் மறுபடி மேலே வந்துகொண்டிருந்தது. புரிந்தும் அவர் கும்பிட்டார், கேமரா உயர்ந்திருந்தது.

முத்தமிழுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

“அதோ! அண்ணனுக்கு ஒரு குட்டி ரசிகை கை காட்டுறாங்க பாருங்க!” என்றார் குருமூர்த்தி. “பலத்த கரவொலி குடுங்க!”

கொடுத்தார்கள். உண்ணாமலை மகளை இழுத்து உட்கார வைத்தாள்.

அறிவரசனுக்கு அந்தக் கையைப் பார்த்ததும் ரோஷம் வந்தது. இனி எவன் போர்த்தினாலும் நிறுத்துவதில்லை என்று மைக்கை இறுகப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து இரண்டு கட்சிகளின் நகரச் செயலாளர்களும் ஆளுக்கொரு பொன்னாடையோடு மேடையேறினார்கள். யார் முதலில் போர்த்துவது என்ற கொள்கைப் பிரச்சனை எழுந்தது. கருத்துத் திலகம் யார் பக்கம் என்பதே அதில்தான் இருக்கிறது. ஒருவர் இடமிருந்து வீசினார், ஒருவர் வலமிருந்து வீசினார், இரண்டும் சேர்ந்து அறிவரசனின் தலையை மூடின. அவர் உள்ளே திணறினார். மைக் கைநழுவிக் கீழே உருண்டது.

அந்த இருட்டுக்குள்ளேதான் அவர் அதைச் சொன்னார். கேமரா தெரியவில்லை, அதனால் வாய் மூடவில்லை. புள்ளைங்க பள்ளிக்கூடம் போற நேரத்துலயும் வர்ற நேரத்துலயும் லாரி ஓடக் கூடாது! முழு வாக்கியத்தையும், ஒரு எழுத்து குறையாமல், தொண்டை கிழியச் சொன்னார். தமிழ்நாட்டு நடிகர் ஒருவர் தன் வாழ்நாளில் சொன்ன முதல் உண்மையான கருத்து அது. கேட்டவை அந்தப் பொன்னாடைகள் மட்டுமே.

குருமூர்த்தி மைக்கைப் பொறுக்கி எடுத்தார். துணிக்குள்ளே காதை வைத்துக் கேட்பதுபோல் ஒரு பாவனை செய்தார்.

“அண்ணன் உணர்ச்சிவசப்பட்டிருக்காரு. அவர் என்ன சொல்றார்னா… நம்ம புள்ளைங்க படிச்சு முன்னேறணும்னா, வளர்ச்சி வரணும். வளர்ச்சி வரணும்னா, லாரிங்க நிக்காம ஓடணும்!”

கூரை இடிந்து விழும் அளவுக்குக் கைதட்டல். அறிவரசன் துணிகளை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். முடி கலைந்திருந்தது, முகமெல்லாம் வியர்வை. குருமூர்த்தி மரியாதையாக மைக்கை அவர் கையில் கொடுத்தார்.

“சரிதானேண்ணே?”

மண்டபம் அமைதியானது. இப்போது போர்த்துவதற்கு ஒரு பொன்னாடைகூட மிச்சமில்லை, உருவி அனுப்புகிறவரும் கைதட்டப் போய்விட்டதால் எல்லாம் அவர் மேலேயே இருந்தன. யாரும் தடுக்கவில்லை. மைக் வேலை செய்தது. மூன்றாவது வரிசையில் உண்ணாமலை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் முதல்முதலாக மேடையேறியபோதும் அவள் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் சுதர்சன் விருதைத் தூக்கிவந்த இருவரையும் இரண்டடி தள்ளி நிறுத்திவிட்டு, மடிப்புக் கலையாத சிரிப்போடு காத்திருந்தார். எல்லாக் கேமராக்களும் உயர்ந்தன.

அறிவரசன் அக்காவைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார்.

“அதேதான்” என்றார்.

விருது வழங்கப்பட்டது. கனம் தாங்காமல் அவர் சுதர்சனின் இடுப்பு உயரத்துக்குக் குனிந்தார். மறுநாள் பத்திரிகைகளில் அந்தப் படம் ‘பணிவு’ என்ற தலைப்பில் வந்தது. ‘வளர்ச்சிக்காகத் துணிச்சலான குரல்’ என்று தலையங்கம் எழுதினார்கள். லாரி நிற்காமல் ஓட வேண்டும் என்று அவர் சொன்னது ஆளுங்கட்சியை ஆதரித்தா, எதிர்த்தா என்று இரவு நான்கு பேர் விவாதித்தார்கள். இந்த முறை அறிவரசன் தொலைக்காட்சியைப் போடவில்லை.

உறுதியான முகமும் தேர்வானது. வஜ்ரகிரியின் எல்லா லாரிகளுக்கும் பின்னால், பொன்னாடைகளுக்கு நடுவே சிரித்துக் கும்பிடும் அறிவரசனின் படம் ஏறியது. கீழே, ‘நிக்காம ஓடணும்! – கருத்துத் திலகம்’ என்ற வாசகம். லாரிகள் அந்த வாசகத்தை ஒரு நாளும் பொய்யாக்கவில்லை. காலையில் பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரத்தில் விக்கிரமங்கலம் ரோட்டில் பிள்ளைகள் சைக்கிளை ஓரம் கட்டி நிற்க, கருத்துத் திலகம் வரிசையாகக் கும்பிட்டபடி கடந்துபோனார். சொந்த மக்களை இவ்வளவு தவறாமல், தினமும் நேரில் வந்து வணங்கும் கலைஞர் வேறு எவருமில்லை.

அக்காவிடமிருந்து மட்டும் போன் வரவில்லை. அவரும் கூப்பிட்டுப் பேசவில்லை. எண்ணைப் பார்ப்பார், வைத்துவிடுவார். ஒரு காலை அதுவாகவே அடித்தது. அவர் பயந்துகொண்டேதான் எடுத்தார்.

“தம்பி, நல்லா இருக்கியா?” என்றாள் உண்ணாமலை. குரலில் கோபமே இல்லை. “நீ மேடையில பேசுனதால எங்களுக்கு ஒரு நல்லது நடந்துருக்கு. அதச் சொல்லத்தான் கூப்புட்டேன்.”

அறிவரசனுக்கு உயிர் வந்தது. “சொல்லுக்கா! என்ன நடந்துச்சு?”

“அன்னிக்கு முத்தமிழ இடிச்சுட்டுப் போன லாரி எதுன்னு ஸ்டேஷன்ல கேட்டாங்க. நம்பர் பிளேட்டு பூரா புழுதி, எங்களுக்குச் சொல்லத் தெரியல. இனிமே அந்தக் கஷ்டம் இல்ல தம்பி. எந்தப் புள்ளைய இடிச்சாலும், யாரு இடிச்சான்னு கேட்டா, மூஞ்சியப் பாத்தே சொல்லிடுவோம். எங்க பழனிதான்னு.”